ஓட்டத்தை ஆராய்ந்த பேராசிரியர் அக்ரிவோஸ்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



பொறியியல் கற்க விரும்பும் இளைஞர் சிலர் சென்ற மாதம் என் வீட்டிற்கு வந்து, "இரசாயனப் பொறியியல் படித்தவன் சவர்க்காரத் தொழிற்சாலைக்கோ சீமெந்துத் தொழிற்சாலைக்கோ போவதன்றி வேறென்ன செய்யலாம் ஐயா?" என்று வினவினர். உடன் வந்திருந்த தந்தையார் ஒருவர், "அதற்காவது போனாற் போதும்" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. அன்று அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்ன மறுமொழியை இன்று சற்று விரித்துச் சொல்ல எழுந்திருக்கிறேன். அதற்கு அந்திரேயாஸ் அக்ரிவோஸ் என்பாருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

அக்ரிவோஸ் 1928 ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் தலைநகராகிய ஏதென்சிற் பிறந்தார். அவர் பதின்மூன்று வயதை எட்டுமுன்பே, 1941 இல், ஜேர்மானியப் படை அந்நகரினுட் புகுந்தது. அவ்வாண்டின் மாரியில் ஏதென்சு மக்கள் ஆயிரக்கணக்கிற் பட்டினியால் மாண்டனர். உலகப் போர் ஓய்ந்த பின்னும் அந்நாட்டில் உள்நாட்டுச் சண்டை ஓயவில்லை. அக்காலத்திலேதான் அவர் அமெரிக்கா சென்றார். 1950 இற் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திற் பட்டமும், 1954 இல் மினசோட்டாவிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மினசோட்டாவில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் நீல் அமண்ட்சன். கணிதத்திற் கலாநிதியான ஒருவர் இரசாயனப் பொறியியற் பகுதிக்குத் தலைவராயிருந்தது அந்நாளிற் பலருக்கு வியப்பு. கொதிகலனும் குழாயும் பற்றிய கைப்பழக்கமாயிருந்த ஒரு துறையைக் கணிதத்தின்மேல் நிறுத்தியவருள் அவர் முதன்மையானவர்.

இரசாயனப் பொறியியலாளனுக்கும் நீரோட்டத்திற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். ஓர் ஆலையைச் சுற்றிப் பாருங்கள். எண்ணெய் ஓடுகிறது, ஆவி ஓடுகிறது, கூழ் ஓடுகிறது, கழிவும் ஓடுகிறது. ஓட்டத்தை அறியாதவன் அங்கே குருட்டாட்டமே ஆடுவான். அக்ரிவோஸ் பேர்க்லியில் எட்டாண்டும், 1962 முதல் ஸ்ரான்போட்டில் இருபத்தைந்தாண்டும் இருந்து ஆராய்ந்தது இந்த ஓட்டங்களையே. அவர் எழுதிய கட்டுரைகள் மிகப் பல. அவற்றுள் இரண்டை மாத்திரம் சொல்வேன்.

கலங்கல் நீரை ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் நிரப்பி நேராக நிறுத்தினால் மண் மெல்ல மெல்லத் தாழும். குழாயைச் சற்றுச் சரித்து வைத்தால் எப்படித் தாழும்? தாமதிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் விரைந்து தாழும்! 1920 இல் பொய்கொட் என்னும் ஆங்கில வைத்திய அறிஞர் இரத்தத்தைக் குழாய்களில் வைத்துப் பார்த்தபோது இதைக் கண்டார். காரணம் இதுதான். சரிந்த குழாயின் மேற்சுவருக்குக் கீழே தெளிந்த நீர் மெல்லிய படையாக உண்டாகி விரைந்து மேலேறுகிறது. துணிக்கைகளோ குழாயின் அடிவரைக்கும் விழவேண்டியதில்லை. சற்றுக் கீழே உள்ள மறுசுவரில் விழுந்து வழுக்கிச் செல்கின்றன. இவ்வளவும் ஏறக்குறையத் தெரிந்திருந்தும், எப்பொழுது எவ்வளவு விரைவு என்று அடிப்படை விதிகளிலிருந்து தெளிவாகக் கணித்துக் காட்டியவர்கள் அக்ரிவோசும் அவர் மாணவர் ஏர்போல்சைமரும் ஆவர். அக்கட்டுரை 1979 இல் வெளிவந்தது. நீரைத் தெளிவிக்கும் நிலையங்களிற் சரிந்த தட்டுகளை அடுக்கி வைப்பதும் இந்த உண்மையை நம்பியே.

நிற்க. மற்றதுதான் என் மனத்தைக் கவர்ந்தது.

திரவத்தின் பிசுக்குமையை அளக்க ஒரு கருவி உண்டு. குவளையொன்றினுள் சற்றுச் சிறிய உருளையை இறக்கி, இடைவெளியிலே திரவத்தை நிரப்பி, ஒன்றைச் சுழற்றி மற்றதிற் படும் முறுக்கத்தை அளப்பார்கள். ஸ்ரான்போட்டில் கடாலா-மரியா என்னும் மாணவர் மிக நுண்ணிய பிளாத்திக்கு மணிகள் செறிந்த ஒரு திரவத்தை இவ்வாறு அளந்தார். ஒரே வேகத்திற் சுழற்றியும், நேரஞ் செல்லச் செல்லப் பிசுக்குமை குறைந்துகொண்டே போயிற்று. மணியோ திரவமோ மாறவில்லை. அளவு மாத்திரம் நிலைகொள்ளவில்லை. இச்செய்தி 1980 இல் அச்சேறியது.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மாணவனாயிருந்த காலத்தில் ஆய்வுகூடத்தில் ஓர் அளவு இப்படித்தான் நிலைகொள்ளாது நழுவியது. கருவி பழுது என்று தீர்மானித்து, புத்தகத்திலிருந்த எண்ணுக்குக் கிட்டிய ஓர் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். முழுப் புள்ளியும் கிடைத்தது. என்ன நழுவியது, ஏன் நழுவியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

அக்ரிவோஸ் அப்படி விடவில்லை. அடுத்து வந்த லேற்றன் என்னும் மாணவர் அந்த நழுவலையே தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். உருளைக்கும் குவளைக்கும் இடையே திரவம் கடுமையாக அரைபடுகிறது. உருளைக்குக் கீழே, குவளையின் அடியிலே, அது ஏறக்குறைய அசையாதிருக்கிறது. அரைபடும் இடத்து மணிகள் ஒன்றையொன்று ஓயாது நெருக்கித் தள்ளி, நெருக்கல் குறைந்த அடிப்பகுதிக்கு மெல்ல மெல்ல இடம்பெயர்கின்றன. தேர்த்திருவிழாவில் வடத்தருகே நின்றவர் தம்மையறியாமலே வீதியோரத்துக்குத் தள்ளப்படுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியில் மணி குறையவே பிசுக்குமையும் குறைந்தது. கருவி முதல்நாள் தொட்டு உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது! 1987 இல் இருவரும் இதனை வெளியிட்டனர். கொங்கிறீற்றைக் குழாய்வழி ஏற்றுவோரும், எண்ணெய்க் கிணறு துளைப்போரும், சேறும் கூழும் கையாளும் பிறரும் இன்று கணக்கிலெடுக்க வேண்டிய ஒரு பொதுத்தன்மை அது.

அவ்விளக்கத்தில் ஒரு புதிரும் இருந்தது. மிக மெதுவான பிசுக்கு ஓட்டத்தை முன்னே சுழற்றிப் பின்னே திருப்பினால் எல்லாம் பழைய இடத்துக்கு வரவேண்டும். ஆங்கில அறிஞர் ஜி. ஐ. டெயிலர் ஒரு படத்தில், கரைந்து மறைந்ததுபோன்ற சாயத்துளி திரும்பச் சுழற்றியதும் மீண்டும் ஒன்றுகூடுவதைக் காட்டியிருக்கிறார். பார்ப்பவர்க்குச் சித்து விளையாட்டாகவே தோன்றும். செறிந்த மணிகளோ போனவழி திரும்புவதில்லை. ஏன், எந்த எல்லைக்கு மேல் என்பதை 2005 இல் வேறு அறிஞர் குழு ஒன்று பரிசோதனையாற் காட்டியது. அக்குழுவிலிருந்த யோன் பிறேடியும் அக்ரிவோசின் பழைய மாணவரே.

1988 இல், அறுபது வயதளவில், அவர் நியூயோர்க் நகரக் கல்லூரிக்குச் சென்று, அல்பேட் ஐன்ஸ்ரைன் பெயராலமைந்த பேராசிரியப் பதவியை ஏற்றார். அப்பதவியில் முன்பிருந்தவர் லெவிச். சோவியத் நாட்டின் பெரும் விஞ்ஞானி. ஓட்டத்தையும் இரசாயனத்தையும் இணைத்து 1952 இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று. நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டதற்காகப் பதவி இழந்து, 1978 இலேதான் வெளிவர முடிந்தது. 1987 இற் காலமானார். யுத்தத்தில் அகப்பட்ட ஏதென்சிலே வளர்ந்தவர், அவருடைய ஆசனத்தில் அமர்ந்து, அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார்.

அக்ரிவோஸ் 1982 முதல் 1997 வரை பாய்பொருட் பௌதிக சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராயிருந்தார். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் 2001 ஆம் ஆண்டுக்குரியதாக அவருக்குக் கிடைத்தது. 2025 இல், தொண்ணூற்றாறாவது வயதிற் காலமானார். அமெரிக்கப் பௌதிகச் சங்கம் அவர் பெயரால் வழங்கும் பரிசு, கலாநிதிப் பட்ட ஆய்வை அண்மையில் முடித்த இளைஞருக்கே உரியது.

அந்த 1987 ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிரதி ஒன்று என்னிடம் உண்டு. ஆங்கிலத்தில் உள்ளதெனினும் முதற் சில பக்கங்கள் உயர்தர வகுப்பு மாணவருக்கு எட்டாதவையல்ல. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுத்தால், ஒரு ஞாயிறு காலையில் ஒன்றாயிருந்து வாசிக்கலாம். முன்னே சொன்ன தந்தையாரும் வரலாம்.