மணலும் எலியும்

ராயக்கோட்டைக் குன்றின்மேல் ஏறி, பழைய கோட்டைச் சுவரருகே பாறையில் சாய்ந்து இளைப்பாறிய மாணவர்கள் உங்களிற் சிலர் இருக்கலாம். அந்தக் கல்லும் மிகச் சிறிதளவு கதிர்களை வீசிக்கொண்டுதான் இருக்கிறது. யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சுவடு பாறைகளில் எங்கும் உண்டு. அஞ்ச வேண்டா, நம் முன்னோர் அனைவரும் அதனிடையேதான் வாழ்ந்தனர். ஆனால் இந்த அளவு பன்மடங்காகுமானால் உயிர்களின் சந்ததிக்கு என்ன நேரும்?

இவ்வினாவை ஆராய உகந்த இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கொல்லத்தை அடுத்த சவரா, நீண்டகரைப் பகுதியிலும் கடற்கரை மணலில் தோரியம் செறிந்த மோனசைட் கலந்துள்ளது. 1909இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர் இதனைக் கண்டறிந்தார். துப்புக் கொடுத்தது, இங்கிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்!

எக்ஸ்-கதிர் பட்ட பழ ஈக்களின் வழித்தோன்றல்களிடம் மாறுதல்கள் தோன்றுவதை 1927இல் முல்லர் காட்டினார். அது ஆய்வுக்கூடத்தில் செலுத்திய மிகுந்த கதிர். வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகப் படும் கதிர் என்ன செய்யும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஹான்ஸ் குரூனபெர்க்கும் குழுவினரும் 1960களில் இதற்கு விடை தேடிக் கேரளக் கரைக்கு வந்தனர். அவர்கள் ஆராய்ந்தது வீட்டெலியை. மனிதனின் ஒரு தலைமுறைக் காலத்தில் எலிக்குப் பல தலைமுறைகள் கடந்துவிடுகின்றன அல்லவா?

மணற்பகுதியிலும் அதற்கு வெளியிலும் எலிகளைப் பிடித்து, பற்களையும் எலும்புகளையும் ஒப்பிட்டனர். மண்டையோட்டிலுள்ள நுண்துளைகள் போன்ற சிறு வேறுபாடுகளும் மரபுவழி வருபவை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. எந்த இரண்டு ஊர் எலிகளை எடுத்தாலும் ஏதேனும் வேறுபாடு இருக்கும். ஆகவே ஓர் ஊருக்கு ஓர் ஊர் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். இருபுறமும் பல ஊர்கள் வேண்டும். அவ்வாறே பார்த்தபோது ஊர்களுக்கிடையே வேறுபாடுகள் இருந்தன. ஆனால் கதிர்வீச்சின்மேல் சுமத்தத்தக்க மாறுதல் எதுவும் புலப்படவில்லை. 1966இல் அறிக்கை வெளியாயிற்று.

அப்படியானால் கதிர் தீங்கற்றதா? இல்லை. மணற்பட்டை குறுகியது, வெளி எலிகள் புகுந்து கலக்கக்கூடும். பழுதுற்ற குட்டிகள் பொறியில் அகப்படுமுன்பே மடிந்திருக்கலாம். மேலும் வீட்டெலி கூரையிலும் தென்னை உச்சியிலும் குடியிருப்பது. மணலுக்கும் அதற்கும் இடையே ஒரு மரத்தின் உயரம் இருக்கிறது! 1986இல் செர்னோபில் உலை வெடித்தபின் அங்குள்ள பறவை, விலங்குகளைப் பற்றியும் இதே வழக்கு இன்னும் தீரவில்லை.