டிரெய்லர் ஏறிய மாரியம்மன்

மாசி மகத்துக்குக் கடலூர் போகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்குவார்கள். பாடலீசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரை. சுகமான வழி. இன்றைக்கு நாம் அப்படிப் போகப்போவதில்லை. மேற்கே பாலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஒரு டிராக்டருக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகப்போகிறோம்.

அந்த ஊர் மாரியம்மன் மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு ஒரு காலத்தில் தோளில் போனவள். தோள் கொடுக்கும் பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு மாட்டுவண்டி. மாடும் போனபின் வாடகை வேன். வேனில் அம்மன் வெளியே தெரியவில்லை என்று பெண்கள் குறைப்பட, டிராக்டர் டிரெய்லரில் மேடை கட்டிக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு அடிக்கிற டிரெய்லர். 1842-இல் தொடங்கிய ஆலை அது. அறுவடைக் காலத்தில் அந்த வட்டாரச் சாலைகளெல்லாம் கரும்பு வண்டிகள்தான். ஓட்ட வந்த பையன் உழவில் கெட்டிக்காரன். டிரெய்லர் மாட்டி மெயின் ரோட்டில் ஏறுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

டிரெய்லர் என்பது பின்னால் வருகிற பெட்டிதானே என்று நினைப்போம். பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் அதன் குணமே இருக்கிறது. அம்மன் எல்லோருக்கும் தெரியட்டும் என்று மேடையைப் பின்கோடியில் போட்டார்கள். அதற்கும் பின்னால் ஜெனரேட்டர். அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் முன்பக்கம் லேசாகிவிடும். கொக்கியை மேலே தூக்கும். கொஞ்சம் வேகம் எடுத்தாலே டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பாலூர் தாண்டிய நேர்ச்சாலையில் அதுதான் நடந்தது. குடை ஒரு பக்கம் சாய, உள்ளே பூசாரி கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "தம்பி, மெதுவா! தம்பி!" என்று கத்தியது மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. வண்டியை நிறுத்தி, ஜெனரேட்டரை முன்னுக்கு நகர்த்தினார்கள். அப்போதுதான் கொக்கியைக் குனிந்து பார்த்தார் ஒருவர். கொக்கியில் செருகிய 'பின்' கழன்று விழாமல் இருக்கக் குறுக்கே மாட்ட வேண்டிய கிளிப்பைக் காணோம். கிளிப் போக வேண்டிய ஓட்டையில் துருப்பிடித்த ஆணி ஒன்றை மடக்கிச் செருகியிருந்தார்கள். அம்மன் அதுவரை அந்த ஆணியை நம்பித்தான் வந்திருக்கிறாள்.

பாலூர் என்றதும் பலா நினைவுக்கு வர வேண்டும். அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பாலூர் 1' ரகம் பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளில் பெயர் பெற்றது. மாசியில் பிஞ்சுதான் தொங்கும். பழம் வேண்டுமென்றால் சித்திரை, வைகாசியில் வாருங்கள். அடுத்து திருமாணிக்குழி. அதற்கப்புறம் கெடிலம் ஆற்றுக் கரையில் திருவந்திபுரம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று; வேதாந்த தேசிகர் பல காலம் தங்கிய ஊர். கோயிலுக்கு எதிரே சின்னக் குன்றின்மேல் ஹயக்ரீவர். முகூர்த்த நாளில் இங்கே கல்யாண ஜோடிகளின் கூட்டத்தில் சைக்கிள்கூட நுழையாது. நல்லவேளை, அன்று முகூர்த்தம் இல்லை.

திருப்பாதிரிப்புலியூருக்குள் நுழைந்ததும் வேறு வகைச் சங்கடம். குறுக்கும் நெடுக்குமாகக் கேபிள் வயர்கள். கவட்டைக் கம்போடு ஒருவர் முன்னால் நடந்து வயரைத் தூக்கிப் பிடிக்க, குடை அதன் அடியில் குனிந்து போகும். இது பழமையான ஊர். கி.பி. 458-இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' எழுதிய பாடலிகை இதுதான் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, அந்தக் கல்லே தெப்பமாகிக் கரை சேர்த்தது என்று பெரியபுராணம் சொல்வதும் இந்த ஊரைத்தான். கரையேறவிட்டகுப்பம் என்று பக்கத்திலேயே ஓர் ஊர் உண்டு. கட்டிவிட்ட பாரம் மனிதனுக்கு ஒத்துழைத்த அதிசயம் அது. எங்கள் பாரத்துக்கு அந்த எண்ணமே இல்லை.

கடைவீதி முனையில் டிராக்டர் அழகாகத் திரும்பிவிட்டது, டிரெய்லர் திரும்பவில்லை. பின்னால் வரும் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, வளைவின் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். பூக்கடை அம்மாளின் கூடை நசுங்கியது. "சாமி வண்டியாச்சேன்னு பாக்கறேன்" என்று தொடங்கி அவர் பேசியதை வானொலியில் சொல்ல முடியாது.

இங்கே சிதம்பரத்துக்காரர்களை நினைத்துக்கொண்டேன். ஆனியிலும் மார்கழியிலும் நடராசர், சிவகாமி, பிள்ளையார், முருகன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் ஓடும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டையைச் சரியான சாய்வில் கொடுத்துத்தான் திருப்புகிறார்கள். ஒரு நொடி தவறினால் கை போகும். நம் மாரியம்மன் போகும் அதே மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலுக்கு வரும் வழியில் தர்காவில் முஸ்லிம்கள் மாலை சாத்தி வரவேற்பார்கள். அந்தப் பயணமும் ஒருமுறை பார்க்க வேண்டியது.

அண்ணா பாலம் தாண்டி, மஞ்சக்குப்பம் வழியே தேவனாம்பட்டினம். 1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இங்கேதான். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை நிலம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது.

மணலில்தான் பையனுக்கு உண்மையான பரீட்சை. டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். "லெஃப்ட்ல ஒடி!" "இல்லடா, ரைட்டு!" டிராக்டரும் டிரெய்லரும் மடங்கி ஒன்றையொன்று முட்ட, சக்கரம் அச்சுவரை மணலில் புதைந்தது.

காப்பாற்றியவர்கள் குப்பத்து மீனவர்கள். படகைத் தினமும் கரையேற்றுகிறவர்களுக்கு இது ஒரு வேலையா? பெரியவர் ஒருவர் வந்து எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். டயரில் பாதிக் காற்றை இறக்கினார். காற்று குறைந்தால் டயர் அகன்று மணலில் மிதக்கும். பிறகு பலகை போட்டு, கொக்கியைக் கழற்றி, டிரெய்லரைத் தனியாக வடம் போட்டு இழுத்தார்கள். கடைசி நூறு அடியை அம்மன் பழைய வழக்கப்படி தோளில்தான் போனாள். தீர்த்தவாரி நேரம் தப்பாமல் முடிந்தது.

இந்த வருஷமும் அதே டிரெய்லர்தான், அதே பையன்தான். மேடை அச்சுக்குச் சற்று முன்னால் வந்துவிட்டது. கொக்கிக்குப் புது பின், கிளிப், கூடவே சங்கிலி. பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர். ஜெனரேட்டர் தனி வண்டியில். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் மட்டும்தான் பேசலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் இன்னும் தகராறு.