நாணயம் வீழ்ந்தால் நஷ்டம் யாருக்கு?

தோழர்களே! நாணயத்தின் விலை ஏறுவதும் இறங்குவதும் மழை வெய்யில் போலத் தானாக வருவதென்று பலர் எண்ணியிருக்கின்றார்கள். தேசத்தின் தலைவிதி என்பவர்களும் உண்டு. 1997-ம் வருஷம் சயாம் என்னும் தாய்லாந்தில் நடந்ததைச் சொல்லுகின்றேன். விதியா, மனிதர் செய்த வேலையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அத்தேசத்து நாணயமாகிய பாட், பல வருஷ காலம் டாலர் ஒன்றுக்குச் சுமார் 25 என்றே கட்டி வைக்கப்பட்டிருந்தது. 1993-ல் அந்நியக் கடன் தாராளமாக உள்ளே வர சர்க்கார் வழி திறந்து விட்டார்கள். வெளியே வட்டி குறைவு. உள்ளே வட்டி அதிகம். கேட்பானேன்? டாலரில் வாங்கி, உள்ளூரில் வட்டிக்கு விட்டு லாபமடித்தார்கள். அந்தப் பணம் உழவனுக்கா போயிற்று? பாங்காக் நகரத்து மனைகளிலும் மாடிக் கட்டடங்களிலும் போய் முடங்கிற்று.

நாணய விலையைக் கட்டி வைப்பது, பணத்தை இஷ்டம் போல் வரப்போக விடுவது, வட்டியை நம் சௌகரியப்படி வைத்துக் கொள்வது ஆகிய மூன்றையும் ஒருங்கே நடத்த எந்த தேசத்தாலும் முடியாது. ஒன்றை விட்டே தீர வேண்டும். இவர்கள் எதையும் விட மனமில்லாதிருந்தார்கள். 1996-ல் ஏற்றுமதி வளராமல் நின்றதும் பணம் போட்டவர்கள் சந்தேகங்கொண்டு வெளியேறலானார்கள். மத்திய பாங்கியோ கையிருப்பை விற்றதோடு, பின்னால் கொடுப்பதாக 2,300 கோடி டாலருக்கு மேல் வாக்கும் கொடுத்து வைத்தது. இந்த வாக்குக் கணக்கை ஜனங்களுக்குச் சொல்லவில்லை. வெளியில் காட்டிய கணக்கில் கையிருப்பு கொழுத்தே இருந்தது!

1997 ஜூலை 2-ந் தேதி கட்டு அவிழ்ந்தது. ஆறே மாதத்தில் டாலருக்கு 50 பாட் போதவில்லை. லட்சம் டாலர் கடன்பட்டவன் 25 லட்சத்துக்குப் பதில் 50 லட்சத்துக்கு மேல் தேட வேண்டியவனானான். டிசம்பரில் 56 நிதிக் கம்பெனிகள் ஒரேயடியாய் மூடப்பட்டன. சர்வதேச நாணய நிதியம் 1,720 கோடி டாலர் உதவிக்கு ஏற்பாடு செய்தது. வரவு செலவைச் சரிக்கட்ட விற்பனைப் பொருள் மீதிருந்த வரி 7 சதவிகிதத்திலிருந்து 10 ஆயிற்று. டாலரைக் கண்ணாலும் காணாத கூலிக்காரன் சோப்புக் கட்டியிலும் அதைக் கொடுத்தான். 1998-ல் ஒரு புத்த பிக்ஷு கையிருப்பை நிரப்பவென்று ஊர் ஊராய்த் தங்கம் வசூலித்தார். நகையைக் கழற்றிக் கொடுத்த ஏழை ஜனங்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வாக்குக் கணக்கு எங்கே என்று முன்னமே கேட்டிருந்தால் நகை கழுத்திலேயே இருந்திருக்குமே!

வேறு வழியில்லையா என்று ஒரு தோழர் கேட்கின்றார். மலேசியா 1998 செப்டம்பரில் பணம் வெளியேறும் வாசலை அடைத்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி, வட்டியைக் குறைத்தது. அதாவது மூன்றில் ஒன்றை விட்டது. அதன் லாப நஷ்டத்தை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.