ஃபேர்னஸை மாற்றுமுன் வீட்டை அளவெடுங்கள்



ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் போன்ற ஊர்களிலும் சொந்த வீடு வைத்திருக்கும் எங்களில் பலருடைய பேஸ்மென்டில் எரிவாயு ஃபேர்னஸ் ஒன்று இருக்கிறது. பதினைந்து, இருபது வருடம் உழைக்கிற பெட்டி. உழைக்கும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது நின்றுபோவது தை மாதத்துக் கடுங்குளிரில். ஏனென்றால் அது ஓய்வில்லாமல் எரிவது அந்த நாட்களில்தான். வெளியே மைனஸ் 18 பாகை. உள்ளே கைக்குழந்தை, அல்லது வயதான அம்மா, அப்பா. கீழே வாடகைக்கு இருப்பவரும் தொலைபேசியில் அழைக்கிறார். அந்த நிலையில் முதலில் வந்து சேருகிற டெக்னீசியன் எதைத் தருகிறாரோ அதுதான் அடுத்த பதினைந்து வருடத்துக்கு உங்கள் ஃபேர்னஸ். பல ஆயிரம் டொலர் செலவாகும் முடிவு இரண்டு மணித்தியாலத்தில் எடுக்கப்படுகிறது.

அதனால் என் கோரிக்கை இது. உங்கள் ஃபேர்னஸ் பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால், அது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைத் திட்டமிடுங்கள். வசந்தமும், குளிர் தொடங்குவதற்கு முந்திய செப்டம்பர் மாதமும் இதற்கு நல்ல காலம். அப்போது கொன்றாக்டர்களுக்கு வேலை குறைவு. வந்து ஆறுதலாக வீட்டைப் பார்ப்பார்கள். நீங்களும் மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது விலையை. நான் முதலில் பார்க்கச் சொல்வது அளவை. ஃபேர்னஸின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு ஒட்டியிருக்கும். மணித்தியாலத்துக்கு எத்தனை பிடியு, அதாவது எத்தனை அலகு, வெப்பத்துக்கான எரிவாயுவை அது எரிக்கிறது என்று அதில் இருக்கும். ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் தர வந்தவர் அதைப் பார்த்துவிட்டுப் புதியதற்கும் ஒரு லட்சம் என்று எழுதுகிறார். கேட்டால், இருந்த அளவையே போடுகிறோம் என்பார். உண்மையில் அது அதே அளவு அல்ல. பழைய பெட்டி 80 வீதத் திறன் கொண்டதென்றால், எரித்த ஒரு லட்சத்தில் 80 ஆயிரம்தான் வீட்டுக்குள் வந்தது. மீதி புகைபோக்கி வழியே வெளியே போனது. கனடாவில் 2019 ஜூலை 3 முதல் தயாராகும் வீட்டு எரிவாயு ஃபேர்னஸ்கள் குறைந்தது 95 வீதத் திறன் உடையவையாக இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே புதிய ஒரு லட்சப் பெட்டி 95 ஆயிரத்தை வீட்டுக்குள் தள்ளும். இதற்கிடையில் நீங்கள் ஜன்னல்களை மாற்றியிருப்பீர்கள், கூரைக்குள் இன்சுலேஷன் போட்டிருப்பீர்கள். வீட்டின் தேவை குறைந்திருக்க, பெட்டி பெரிதாகியிருக்கிறது.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே, குளிருக்குப் பயமில்லையே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. தேவைக்கு மிஞ்சிய ஃபேர்னஸ் ஐந்து நிமிடம் எரியும். தெர்மோஸ்டாட் இருக்கிற இடம் சூடானவுடன் நின்றுவிடும். சற்று நேரத்தில் மறுபடி எரியும். அந்த ஐந்து நிமிடத்தில், கராஜுக்கு மேலே கடைசி மூலையில் இருக்கும் படுக்கையறைக்குப் போதிய சூடு போய்ச் சேராது. ஹோலில் வியர்க்கும், அந்த அறையில் பிள்ளை போர்வையைச் சுற்றிக்கொண்டு படிக்கும். ஒவ்வொரு முறை எரிந்து நிற்கும்போதும் உள்ளேயிருக்கும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. பற்றவைக்கும் பாகமும் தேய்கிறது. வீட்டின் டக்ட் குழாய்கள் அவ்வளவு காற்றைக் கொண்டுபோக முடியாதவை என்றால், பெட்டிக்குள்ளேயே வெப்பம் தேங்கிப் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். குளிர்கிறது என்பதற்காக வாங்கிய பெரிய பெட்டியே குளிருக்குக் காரணமாகிறது.

சரியான அளவைக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. சிஎஸ்ஏ எஃப்280 என்பது அந்தத் தரநிர்ணயத்தின் பெயர். ஒவ்வொரு அறையின் சுவர், ஜன்னல், கூரை, இன்சுலேஷன், காற்றுக்கசிவு எல்லாவற்றையும் எடுத்து, அந்த ஊரின் கடுங்குளிருக்கு எவ்வளவு வெப்பம் இழக்கப்படும் என்று கணக்கிடுவார்கள். ரொறன்ரோவுக்கு மைனஸ் 18 முதல் மைனஸ் 20 பாகை வரை எடுத்துக்கொள்கிறார்கள். சட்டை தைக்கக் கொடுக்கும்போது தோளையும் மார்பையும் அளக்காமல் வயதைக் கேட்டுத் தைக்கிற தையற்காரரிடம் நாங்கள் போவதில்லை. ‘1,800 சதுர அடி வீடா? அப்படியென்றால் 80 ஆயிரம்’ என்று வாசலில் நின்றே சொல்பவரிடமும் போகத் தேவையில்லை. எஃப்280 கணக்கை எழுத்தில் தரமுடியுமா என்று கேளுங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. வருடத்தின் மிகக் குளிரான இரவில் தெர்மோஸ்டாட்டை ஒரே பாகையில் வைத்துவிடுங்கள். ஃபேர்னஸ் மணித்தியாலத்துக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று சில மணித்தியாலங்களுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் என்றால் அதுவே கணக்கு வைத்திருக்கும். நான் சொன்ன அந்தப் பழைய 80 வீதப் பெட்டி, மைனஸ் 18 பாகையில், மணித்தியாலத்துக்கு 30 நிமிடம்தான் எரிகிறது என்றால், உங்கள் வீட்டுக்குத் தேவைப்படுவது 80 ஆயிரத்தில் பாதி, அதாவது 40 ஆயிரம். 96 வீதத் திறனுள்ள 60 ஆயிரம் பிடியு பெட்டி 57,600 தரும். தாராளமாகப் போதும். ஒரே வேகத்தில் எரியும் ஃபேர்னஸுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனாலும் டெக்னீசியன் வரும்போது இந்த எண் உங்கள் கையில் இருந்தால் பேச்சின் போக்கே மாறும்.

வாங்கும்போது, இரண்டு நிலைகளில் எரியும் ஃபேர்னஸுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. எங்கள் குளிர்காலத்தின் பெரும்பகுதி மைனஸ் 18 அல்ல. பூச்சியத்தை ஒட்டிய நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் அது சிறிய சுவாலையில் நீண்ட நேரம் எரிந்து வீட்டை ஒரே சீராக வைத்திருக்கும்.

அடுத்து நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். பழைய வீடுகளில் ஃபேர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் ஒரே புகைபோக்கியில் புகையை விட்டுக்கொண்டிருந்தன. புதிய ஃபேர்னஸுக்குப் புகைபோக்கி தேவையில்லை. அதன் கழிவுப்புகை சூடு தணிந்து, பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச்சுவரால் வெளியே போகும். அதன்பிறகு அந்தப் பெரிய புகைபோக்கியில் சுடுதண்ணீர்த் தாங்கி மட்டும் தனியாக இருக்கும். அதன் சிறிய சூடு அவ்வளவு பெரிய புகைபோக்கியைச் சூடாக்காது. புகை மேலே ஏறாமல் குளிர்ந்து, நீராகிச் செங்கல்லை அரிக்கும். இல்லையென்றால் திரும்பி வீட்டுக்குள் வரும். அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கலாம். நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். புகைபோக்கிக்குள் சிறிய உலோகக் குழாய் ஒன்றை இறக்குவது ஒரு வழி. சுடுதண்ணீர்த் தாங்கியையும் பக்கச்சுவரால் புகைவிடும் வகைக்கு மாற்றுவது இன்னொரு வழி. எந்த எஸ்டிமேட்டிலும் இதைப்பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுபவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

புதிய ஃபேர்னஸ் எரியும்போது தண்ணீரும் வரும், நாளுக்குப் பல லீற்றர். அது வடிந்து போக வழி வேண்டும். பேஸ்மென்டில் இன்னொரு குடும்பத்துக்கு அறை கட்டும்போது ஃபேர்னஸைச் சுற்றி நெருக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறோம். தரை வடிகாலும் அந்தச் சுவருக்கு அப்பால் போயிருக்கும். அப்படியென்றால் ஒரு சிறிய பம்ப் வைக்கவேண்டும். பழுது பார்க்க ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இடமும் முன்னால் இருக்கவேண்டும். இவையெல்லாம் வேலை நடக்கிற அன்று காலையில் தெரியவந்தால் விலை ஏறும்.

எங்கள் சமையலையும் ஃபேர்னஸோடு சேர்த்து யோசிக்கவேண்டும். மீன் பொரிக்கிறோம், மிளகாய் வறுக்கிறோம், மேலும் கீழுமாக இரண்டு குசினி. எண்ணெய்ப்புகை ஃபில்டரில்தான் போய்ப் படியும். ஓரங்குலத் தடிப்புள்ள மெல்லிய ஃபில்டர் சீக்கிரம் அடைபட்டு மூச்சுமுட்டிவிடும். பெட்டி மாற்றுகிற நாளிலேயே நாலங்குல ஃபில்டர் வைக்கும் கூட்டைப் பொருத்தச் சொல்லுங்கள். அன்றைக்குச் செலவு குறைவு. பிறகு செய்தால் டக்டை வெட்டவேண்டும்.

வெளியே இருக்கும் ஏசியும் பழசாகிவிட்டதென்றால், ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் போட என்ன செலவாகும் என்று கட்டாயம் கேளுங்கள். கோடையில் அது ஏசி. குளிர்காலத்தில் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். பூச்சியத்துக்குச் சற்று மேலே உள்ள நாட்களில் ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு அளவில் வெப்பம் தரக்கூடியது. குளிர் கூடக்கூட அந்த அளவு குறையும். கடுங்குளிரில் எரிவாயு ஃபேர்னஸ் பொறுப்பெடுத்துக்கொள்ளும்படி இரண்டையும் சேர்த்துப் பொருத்தலாம். அப்போது ஃபேர்னஸின் மின்விசிறி ஹீட் பம்புக்கும் பொருத்தமானதா என்று பார்த்து வாங்கவேண்டும். இன்று ஃபேர்னஸ் மட்டும்தான் மாற்றுகிறீர்கள் என்றாலும் இதை மனதில் வைத்து வாங்குங்கள். அரசாங்க உதவித்தொகைத் திட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. சிலவற்றுக்கு வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும்.

இனி ஒப்பந்தம். இதில்தான் எங்கள் சமூகத்தில் மிகப் பெரிய இழப்புகள் நடந்திருக்கின்றன. பகலில் வீட்டில் தனியே இருக்கும் அப்பா, அம்மாவிடம் ஒருவர் வருகிறார். தமிழிலேயே பேசுகிறார். ஃபேர்னஸை இலவசமாகப் பார்க்கிறேன், மாதம் ஒரு சிறிய தொகைதான் என்கிறார். கையெழுத்தும் ஆகிவிடுகிறது. ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி போன்றவற்றை நீங்கள் அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்பது சட்டவிரோதம். இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். கதவைத் திறக்கத் தேவையில்லை என்றே சொல்லுங்கள். நீங்களே அழைத்து, வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டிருந்தாலும், ஒப்பந்தப் பிரதி கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே அதை ரத்துச் செய்யலாம்.

வாடகைக்கு ஃபேர்னஸ் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். மாதம் 120 டொலர் என்றால் பத்து வருடத்தில் 14,400 டொலர். அதுவும் தொகை உயராது என்று வைத்துக்கொண்டால். வருடாவருடம் உயரும் என்று ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கலாம். இடையில் விட்டு விலகவும் பெரிய தொகை கட்டவேண்டிவரும். முன்பு இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்காக வீட்டு உறுதியிலேயே உரிமை பதிந்துவிடுவார்கள். வீட்டை விற்கப்போகும் நாளில்தான் அது தெரியவரும். 2024 ஜூன் 6 அன்று ஒன்ராறியோ அந்தப் பதிவுகளைச் சட்டப்படி நிறுத்தியது. ஏற்கனவே இருந்தவையும் காலாவதியானதாகக் கொள்ளப்பட்டன. ஆனால் பதிவு போனதே தவிர ஒப்பந்தக் கடன் போகவில்லை. பழைய ஒப்பந்தம் இருந்தால் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

வேலை செய்பவர் யார் என்பதும் முக்கியம். ஒன்ராறியோவில் எரிவாயு வேலை செய்யும் நிறுவனம் டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவு பெற்றிருக்கவேண்டும். டெக்னீசியனுக்கு ஜி1 அல்லது ஜி2 சான்றிதழ் வேண்டும். ஜி3 சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். சான்றிதழைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உங்கள் ஃபேர்னஸின் உள்ளே வெடிப்பு விழுந்திருக்கிறது, ஆபத்து, இயக்கக்கூடாது என்று சிவப்பு அட்டை போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அட்டையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வெடிப்பைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இன்னொரு டெக்னீசியனையும் அழைத்துப் பாருங்கள். ஆனால் அவர் வந்து பார்க்கும்வரை ஃபேர்னஸை இயக்காதீர்கள். அந்த எச்சரிக்கை உண்மையாகவும் இருக்கலாம்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டாக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தினர் நான்கு பேர், பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும், காபனோரொட்சைட்டால் இறந்தார்கள். புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. வீட்டில் அதைக் காட்டும் அலாரம் இருக்கவில்லை. அவர்களது உறவினரான ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஜோன் ஜின்யாக் பல வருடம் போராடினார். 2013இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. படுக்கையறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு அலாரம் கட்டாயமானது. புதிய ஃபேர்னஸ் பொருத்தப்படுகிற நாளில் அலாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எப்போது மாற்றவேண்டும் என்ற திகதி அங்கே இருக்கும். கீழே வாடகைக்கு இருப்பவர்களின் படுக்கையறைக்கு வெளியேயும் ஒன்று இருக்கவேண்டும். பெரும் பனி கொட்டிய காலைகளில், காருக்குப் போகும் வழியைத் துப்புரவாக்கும் முன்னரே, பக்கச்சுவரில் நீண்டிருக்கும் ஃபேர்னஸின் பிளாஸ்டிக் குழாய்களைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிடுங்கள். அந்தக் குழாய்கள் எவை, எங்கே இருக்கின்றன என்று கீழே இருப்பவர்களுக்கும் காட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர்கள்தான் அதைச் செய்யவேண்டியிருக்கும்.