கிளி ஜோசியச் சீட்டுக்கு வயசு பார்ப்பது எப்படி?

புளியங்குடியிலிருந்து பேசுறேன். வெளிநாட்டுல பழைய டாரட் சீட்டு சேர்க்கிறவங்க உண்டு. 1909-ல லண்டன்ல ரைடர் கம்பெனி போட்ட கட்டுன்னா, அது முதல் அச்சா பிந்தின அச்சான்னு பின்பக்க டிசைனையும் படத்துக் கோடுகளையும் பார்த்தே சொல்லிடுவாங்க. நம்ம ஊர்ப்பக்கம் அதுக்கு இணையா இருக்கிறது கிளி ஜோசியச் சீட்டு. அதைச் சேர்க்க நினைக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

முதல்ல ஒண்ணை மனசுல வையுங்க. பல சீட்டுகள், சாமி படத்தை வெட்டி அட்டையில ஒட்டினவை. படம் பழசா இருக்கலாம், அட்டை நேத்து வாங்கினதா இருக்கலாம். அதனால ஒரு சீட்டுல எது ரொம்பப் புதுசோ, அதுதான் அந்தச் சீட்டோட வயசு. விக்கிறவர் "நூறு வருஷம்"னு சொல்லும்போது இதை மறந்துடாதீங்க.

கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர் கண்ணுல வைக்கிற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. படத்துல புள்ளிகள் வரிசை பிசகாம இருந்தா அது பெரும்பாலும் ஆப்செட் அச்சு. மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாம இருந்தா கல் அச்சு, அதாவது லித்தோ. ரவிவர்மா 1894-ல பம்பாய்ல ஆரம்பிச்ச அச்சகத்தோட படங்கள் இந்த ரகம்தான். ஓரத்துல கோவில்பட்டி கொண்டையராஜு கையெழுத்து இருந்தா சந்தோஷப்படுங்க, ஆனா அதை வச்சு வருஷம் முடிவு பண்ணாதீங்க. அவர் 1976-ல காலமானார். படங்கள் அதுக்கப்புறமும் அச்சாகிட்டுத்தான் இருக்கு.

எனக்கு ரொம்ப நம்பிக்கையான சாட்சி எழுத்துதான். 'லை', 'னை' எழுத்துகளுக்குப் பழைய அச்சுல யானைத் தும்பிக்கை மாதிரி மேல ஒரு கொம்பு வளைஞ்சிருக்கும். 1978-ல அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. கொம்பு இல்லாத புது எழுத்து இருந்தா, பெரும்பாலும் அதுக்குப் பிந்தினது. பெரியாரோட விடுதலைப் பத்திரிகை முன்னாடியே மாத்திடுச்சு, அது தனி. கொம்பு இருந்தா மட்டும் அவசரப்படாதீங்க. பழைய அச்செழுத்தை வச்சே பல வருஷம் ஓட்டின அச்சகங்கள் உண்டு.

அச்சக முகவரியும் பேசும். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். விலை அணாவுல இருந்தா பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்னாடி, நயா பைசான்னா 1957-க்கும் 1964-க்கும் நடுவுல. சிவகாசி, ராமநாதபுரம் ஜில்லான்னு இருந்தா 1985-க்கு முன்னாடி அச்சான படம்னு எடுத்துக்கலாம்.

கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கையும் இருட்டுல அடிச்சுப் பாருங்க. காகிதம் பளிச்சுனு நீலமா மின்னினா அதுல வெளுப்பு மருந்து இருக்கு. 1950-க்கு முந்தின காகிதம்னு நம்பாதீங்க.

கையில கிடைச்சதைத் துடைக்காதீங்க, லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. கிளியோட அலகு பட்ட தேய்மானமும் எண்ணெய்க் கறையும்தான் அந்தச் சீட்டு நிஜமாப் புழங்கினதுக்கு அத்தாட்சி. நட்சத்திரத்துக்கு ஒண்ணா 27 சீட்டு இருக்கிற கட்டு கிடைச்சா, அதைப் பிரிச்சு விக்கிறதுக்குத் துணை போகாதீங்க.

வனவிலங்குச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்க்கிறது குற்றம். அதனால பலர் தொழிலை விட்டுட்டாங்க, சீட்டுக்கட்டு பரண்ல கிடக்கு. உங்க தெருவுல பழைய ஜோசியர் யாராவது இருந்தா, நியாயமான விலை கொடுங்க. படம் எங்க வாங்கினார், எந்த வருஷம் ஒட்டினார்னு அவர் வாயாலயே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போறதுக்குள்ள இதைச் செய்யுங்க.