இருபது நிமிடமும் ஒரு கண்ணாடிக் குழாயும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ரோபோ அறுவை சிகிச்சை வரைக்கும் போய்விட்டார்கள். நான் தாலுகா ஆஸ்பத்திரி ஆள். என் கையில் இருப்பது ஒரு டெஸ்ட் ட்யூப்பும் சுவர்க் கடிகாரமும்தான். அதைப் பற்றியே சொல்கிறேன்.

பாம்பு கடித்து வருகிற எல்லோருக்கும் விஷம் ஏறியிருப்பதில்லை. விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பே கடித்தும் விஷத்தை இறக்காமல் விட்டிருக்கலாம். விஷமுறிவு மருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஒவ்வாமை வந்தால் ஆளையே சாய்த்துவிடும். ஆகவே யாருக்குக் கொடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. விரியன் கடிக்கு ரத்தமே பதில் சொல்லும். கண்ணாடி விரியனின் விஷம் பத்தாவது, ஐந்தாவது உறைதல் காரணிகளைத் தூண்டுகிறது. சுருட்டை விரியனுடையது நேராகப் புரோத்ராம்பினைத் தூண்டுகிறது. இரண்டிலும் ஃபைப்ரினோஜன் செலவழிந்துபோய், ரத்தம் உறையாமல் நிற்கும்.

சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய். அசைக்காமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் உறையவில்லை என்று அர்த்தம். இவ்வளவு சுலபமா என்று கேட்பீர்கள். அந்தச் சுலபத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

ரத்தம் கண்ணாடியின் பரப்பைத் தொட்டால்தான் பன்னிரண்டாவது காரணி விழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் குழாயில் அது சரியாக நடக்காது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படியே. கழுவிக் கவிழ்த்து வைத்த பழைய குழாயில், எந்தக் குறையும் இல்லாதவரின் ரத்தம்கூட உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும். இன்றைக்கு வார்டில் கலர் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்தான் கைக்குக் கிடைக்கிறது. ஊதா மூடியிலும் நீல மூடியிலும் உறையாமல் தடுக்கும் மருந்தே இருக்கிறது! சந்தேகம் வந்தால் கூட வந்தவர்களில் நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை அதே மாதிரிக் குழாயில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது கடிகாரம். "என்னங்க டாக்டர், ரத்தத்தை எடுத்து வச்சுட்டு சும்மா நிக்கிறீங்களே" என்று உறவினர் கத்துவார். அதற்காகப் பத்தாவது நிமிடத்தில் சாய்த்துப் பார்க்கக் கூடாது. இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வில், வார்டில் வழக்கம்போல் செய்த இந்தச் சோதனை, ரத்தம் கெட்டிருந்தவர்களில் பாதிப் பேரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மருந்தும் அதனால் தாமதமானது. அதே நாட்டில், பயிற்சி பெற்றவர்கள் முறையாகச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. அதில் சுமார் ஐந்தில் நாலு பேரைப் பிடித்தது. அந்த ஐந்தாவது ஆளை மறக்காதீர்கள். ஈறிலோ கடிவாயிலோ ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், குழாய் என்ன சொன்னாலும் மருந்தைத் தொடங்க வேண்டியதுதான்.

முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் கூடாது. கடித்து அரைமணியில் வந்தவருக்கு விஷம் இன்னும் வேலையை முடித்திருக்காது. 2007-இல் வந்த நம் தேசிய நெறிமுறை, முதல் மூன்று மணி நேரம் அரைமணிக்கு ஒரு தடவையும், பிறகு மணிக்கு ஒரு தடவையும் பார்க்கச் சொன்னது. நல்லபாம்பும் கட்டுவிரியனும் வேறு கதை. அவை நரம்பைத் தாக்குபவை; ரத்தம் அழகாக உறையும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார். குழாயைப் பார்த்துத் திருப்தியடையாமல், இமை இறங்குகிறதா என்று அவர் கண்ணைப் பாருங்கள்.

மருந்து கொடுத்த பிறகு, அடுத்த சோதனை ஆறு மணி நேரம் கழித்து. மருந்து விஷத்தை முறிக்கும். தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவில் பதறி இன்னும் பத்துக் குப்பி ஏற்றுவதில் பிரயோசனம் இல்லை. ஆறு மணியிலும் உறையாவிட்டால் மறுபடி கொடுக்கலாம்.

தம்பி தங்கைகளே, ஹவுஸ் சர்ஜனாகப் போகும் முதல் நாளே டியூட்டி ரூம் அலமாரியைத் திறந்து பாருங்கள். உறை பிரிக்காத கண்ணாடிக் குழாய் ஒரு டஜனாவது இருக்கிறதா? இல்லையென்றால் அன்றைக்கே இண்டென்ட் எழுதுங்கள். ஸ்டோரில் பிளாஸ்டிக்கைக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். திருப்பி அனுப்பிவிடுங்கள்.