புளூடூத்: பெயரும் பொருளும்



'புளூடூத்' என்பதற்குத் தமிழ்ச்சொல் யாது என மாணவர் நம்மிடம் அடிக்கடி வினவுகின்றனர். சொல்லைத் தேடுமுன் பொருளை அறிவோம்.

அருகருகே உள்ள இரு கருவிகளைக் கம்பியின்றி வானொலி அலையால் இணைக்கும் நுட்பமே இது. கைத்தொலைபேசியில் இது பெரும்பாலும் 10 மீட்டர் அளவுக்கே எட்டும். இது பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் வைஃபையும் இயங்குவதால் இடையூறு நேரலாம். அதைத் தவிர்க்கவே, கைத்தொலைபேசியும் காதில் அணியும் ஒலிக்கருவியும் 79 தடங்களிடையே நொடிக்கு 1600 முறை ஒருசேரத் தாவுகின்றன. தாவும் வரிசையை இரண்டும் ஒத்துப் பின்பற்றுவதால் பேச்சு அறுபடுவதில்லை. இரு கைத்தொலைபேசிகளை முதன்முறை இணைக்கையில் திரைகளில் எண் தோன்றினால், இரண்டும் ஒன்றே எனக் கண்ட பின்னரே இசைவு தருதல் வேண்டும்.

இனிப் பெயருக்கு வருவோம். 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒன்றுபடுத்திய மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர் அது. வெவ்வேறு கருவிகளை ஒன்றிணைக்கும் நுட்பத்திற்கு 1990களில் அதைச் சூட்டினர். அவர் பெயரின் முதலெழுத்துகளைப் பழைய ரூன் வரிவடிவில் பிணைத்ததே இதன் சின்னம்.

ஆகவே 'நீலப்பல்' என்னும் மொழிபெயர்ப்பு பொருந்தாது. ஒருவரின் பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை. பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுவோம். பொருளைக் 'குறுந்தொலைவுக் கம்பியில்லாத் தொடர்பு' என விளக்குவோம். அலைக்கற்றை, தடம், இணைப்பு, இசைவு ஆகிய சொற்கள் நம்மிடம் உள்ளன. பெயர் கடனாக வரலாம். விளக்கமும் கடனானால், அறிவியலைத் தமிழில் சிந்திக்கும் பழக்கமே நம் மாணவரிடம் அற்றுவிடும்.